மீனை அறுத்தது யார்?

சாந்த் பாஷாவின் கட்டில் தலைமாட்டில் நீல அட்டையைத் தொங்கவிட்ட அன்று சக்திவேலுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறார்கள் என்று தன் மனைவி வினோதினிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

வேங்கிக்கால் பக்கம் எழும்பியிருந்த அந்தப் பெரிய மருத்துவமனையில் அதுவரை இரண்டே அட்டைகள்தான். சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குச் சிவப்பு. ஒருமுறை பச்சை அட்டைக்காரர் ஒருவரின் உப்புமாவில் முட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அவருடைய மருமகன் அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார். அந்த வாரமே நிர்வாகம் 'மத உணர்வு உணவுப் பாதுகாப்புக் குழு' ஒன்றை அமைத்தது. அமைத்த குழுவுக்கு வேலை வேண்டுமே. முஸ்லிம் நோயாளிகளுக்கென்று நீல அட்டை அச்சடித்தார்கள். அந்த அட்டை முதலில் விழுந்தது சாந்த் பாஷாவின் கட்டிலில்.

"உங்க நண்பரோட நம்பிக்கைக்கு விரோதமா ஒரு பருக்கைகூட இனிமே அவரு வாய்க்குள்ள போகாது சார்" என்றாள் உணவு ஆலோசகர் கீர்த்தனா. இருபத்தைந்து வயதுப் பெண், வேலைக்குச் சேர்ந்த புதிது. அவள் சொன்ன வாக்கை மருத்துவமனை கடைசிவரை காப்பாற்றியது.

சாந்த் பாஷா மோட்டார் மெக்கானிக். அடி அண்ணாமலையிலிருந்து செங்கம் ரோடு வரை எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ஒரே மகள் நஸ்ரீன் பேரணாம்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. அதனால் இரைப்பையில் கட்டி என்று பாஷாவைப் படுக்க வைத்தபோது கூட இருக்க ஆளில்லை. சக்திவேல் அடி அண்ணாமலையில் இருந்த தன் பூந்தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். தோட்டத்துக் கிணற்றில் ஒரு மோட்டாரை ஏற்றி இறக்கப் போய் ஆரம்பித்த பழக்கம் அது. எப்போது அது சிநேகிதமானது என்று இருவருக்குமே தெரியாது.

பாஷாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் புகழேந்தி வந்து தோளைத் தட்டினார்.

"கட்டிய எடுத்தாச்சு. இனிமே மருந்து ஏத்தணும். அதுக்கு உடம்புல தெம்பு வேணும். முட்டை, மீனு, கறி சூப்புன்னு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. எடை ஏறினாதான் நான் ஊசி போட முடியும்."

"அதுக்கென்ன சார், பாய்க்கு அதெல்லாம் சொல்லவே வேணாம்" என்றார் சக்திவேல்.

மறுநாள் மத்தியானம் எல்லாக் கட்டிலுக்கும் சாப்பாட்டு வண்டி வந்தது. பக்கத்துக் கட்டிலுக்குக் கோழி சூப். பாஷாவுக்குக் கஞ்சி.

"கோழி இல்லியாம்மா?" என்று கேட்டார் சக்திவேல்.

கீர்த்தனா கையைப் பிசைந்தாள். "கோழி எப்படி அறுத்ததுன்னு எங்களுக்குச் சான்று வரல சார். ஹலாலான்னு தெரியாம குடுக்கக் கூடாது."

பாஷா தலையாட்டினார். "பாப்பா சொல்றது நியாயம்தான் சக்தி. அல்லா பேரச் சொல்லி அறுத்தாதான் நாங்க துன்றது. தெரியலன்னா வேணாம். ஒரு முட்டை குடும்மா, போதும்."

இதுவரைக்கும் எல்லாம் நியாயமாகவே நடந்தது. முட்டையில்தான் விஷயம் மேல் மாடிக்குப் போனது. முட்டை கோழியிலிருந்து வருகிறது. கோழிக்குச் சான்று இல்லை. ஆகவே முட்டைக்கும் சான்று இல்லை என்று குழு கண்டுபிடித்தது. அந்த முட்டையை இட்ட கோழி எந்த முறையில் அறுக்கப்பட்டது என்று விளக்கம் கேட்டு முட்டை போடுபவருக்குக் கடிதம் போனது. அந்தக் கோழி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று அவர் பதில் எழுதினார். உயிரோடு இருக்கும் கோழியைப் பற்றி முடிவெடுக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, குழு முட்டையைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது.

பாஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாடா சக்தி இது, முட்டைக்கு எங்கடா கழுத்து இருக்குது அறுக்கறதுக்கு?"

"சரி, மீனு கேப்போம்" என்றார் சக்திவேல்.

மீன் அடுத்த நாள் மேலே போனது. 'மீனை அறுத்தது யார், என்ன சொல்லி அறுத்தார்?' என்ற கேள்வியோடு இறங்கி வந்தது.

இந்தத் தடவை பாஷா சிரிக்கவில்லை. "பாப்பா, மீன யாரும் அறுக்க வேணாம்மா. தண்ணிய விட்டு எடுத்தா அதுவே செத்துப்போவும். மீனு எங்களுக்கு அப்படியே ஹலால். சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். நீ போயி சொல்லு."

கீர்த்தனா போய்ச் சொன்னாள். நோயாளி மருந்து மயக்கத்தில் இருக்கும்போது கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு குழுவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தயிருக்கு உறை ஊற்றியது எதைக் கொண்டு என்று கேட்டார்கள். சாம்பார், சிவப்பு அட்டைக் குழம்புக்குப் பக்கத்து அடுப்பில் கொதித்தது என்று நிறுத்தினார்கள். ரொட்டியின் ஈஸ்ட் விசாரணைக்குப் போனது. சத்து மாத்திரையின் மேலுறை எந்த மிருகத்தின் எலும்பில் செய்தது என்று தெரியாததால் அதையும் நிறுத்தினார்கள். வாழைப்பழத்துக்கும் வெந்நீருக்கும் மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. டாக்டர் புகழேந்தி தினமும் காலையில் 'சூப்' என்று எழுதினார். குழு தினமும் மாலையில் அதன்மேல் 'பரிசீலனையில்' என்று முத்திரை வைத்தது. இரண்டு தரப்பும் கடமையில் கொஞ்சமும் தவறவில்லை.

பாஷாவின் கன்னம் ஒட்டிப்போனது. மோட்டாரை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திய ஆள், டம்ளரைத் தூக்க இரண்டு கையையும் கொண்டுவந்தார்.

சக்திவேல் கீர்த்தனாவிடம் போய் நின்றார். "அம்மா, இந்த நீல அட்டைய எடுத்துட்டு செவப்பு போட்டுடுங்க. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவள் பயந்துபோய் அவரைச் சட்ட அதிகாரி அருண்பிரசாத்தின் அறைக்கு அழைத்துப் போனாள். அருண்பிரசாத் கேட்டதுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீலத்துலேந்து செவப்புக்கா? சார், வெளிய இத மத மாற்றம்னு சொல்லிடுவாங்க. நாங்க அட்டைய மாத்தினோம்னு நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா?"

"அப்ப பச்சை போடுங்க. காய்கறியாவது துன்னட்டும்."

"அவரோட அடையாளத்தையே மறைக்கச் சொல்றீங்களா? நீங்க அவருக்கு சிநேகிதரா, விரோதியா?"

 சக்திவேல் தன் நெற்றியிலிருந்த விபூதியை அருண்பிரசாத் ஒரு மாதிரி பார்ப்பதைக் கவனித்தார். வெளியே வந்ததும் அதைத் துடைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்து, அப்படி யோசித்ததற்காக வெட்கப்பட்டார்.

அடுத்து, பெரிய பள்ளிவாசல் அஸரத்தையே நேரில் அழைத்துக்கொண்டு வந்தார். வயதான மனிதர். வரவேற்பு மேசை முன்னால் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: முட்டை ஆகும், மீன் ஆகும், தயிர் ஆகும். கறி, பிஸ்மில்லா சொல்லி அறுத்ததாக இருக்க வேண்டும். இது எதுவுமே கிடைக்காமல் உயிர் போகும் நிலைமை என்றால், ஆகாததைக்கூட உயிர் பிழைக்கும் அளவுக்குச் சாப்பிடலாம், அதற்குக் குற்றமில்லை என்று குர்ஆனிலேயே இருக்கிறது.

"மார்க்கம் மனுஷன சாவடிக்கறதுக்கு வரல தம்பி" என்றார் வரவேற்பு மேசைப் பையனிடம்.

பையன் பணிவாக எழுந்து நின்று கேட்டான். பிறகு மேலே போன் செய்தான். அஸரத் சம்பந்தப்பட்ட மதத்தைச் சேர்ந்தவர் என்பதால் அவருடைய கருத்தை நடுநிலையானதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று மேலேயிருந்து சொன்னார்கள்.

அன்று மாலை வினோதினி மார்க்கெட்டுக்குப் போய், பாஷாவே வழக்கமாக வாங்கும் கடையில் ஆட்டு எலும்பு வாங்கி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு சூப் வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தாள். சக்திவேல் அதைத் துண்டில் சுற்றி வேட்டி மடிப்போடு அணைத்துக்கொண்டு போனார். வாசல் காவலர் வல்லரசு பெயருக்கேற்ற ஆள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"பெரியவரே, அது இன்னா மடியில?"

"வெந்நீரு."

"வெந்நீர்ல மிளகு வாசம் வருதே." வல்லரசு குரலைத் தாழ்த்தினார். "நான் உட்டுடுவேன். மேல கேமரா இருக்குது. எனக்கும் புள்ளகுட்டிங்க இருக்குதுங்க."

பிளாஸ்க் பறிமுதல் ஆனது. வெளி உணவு என்பது ஒரு குற்றம். நீல அட்டை நோயாளிக்குச் சான்றில்லாத வெளி உணவு என்பது இன்னொரு குற்றம். பிளாஸ்க்கின் மூடியில் அரக்கு வைத்து, நோயாளியின் பெயரை எழுதி ஒட்டி, ரத்தப் பாட்டில்கள் இருக்கும் குளிர்பெட்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். பாஷாவுக்கென்று அந்த மருத்துவமனையில் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்ட ஒரே பொருள் அந்தச் சூப்தான்.

மறுநாள் கீர்த்தனா வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, அவித்த முட்டை ஒன்றை எடுத்து பாஷாவின் கையில் வைத்தாள். "ஹாஸ்டல்ல வேக வெச்சது பாய். சீக்கிரம் சாப்பிடுங்க." பாஷா கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, உதிர்ந்த மஞ்சள் கருவையும் போர்வையிலிருந்து பொறுக்கிச் சாப்பிட்டார். "நூறு வருஷம் நல்லா இரு தாயி" என்றார். கேமரா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மாலைக்குள் கீர்த்தனாவை மூட்டு வலிப் பிரிவில் டோக்கன் கொடுக்க மாற்றிவிட்டார்கள்.

ஒரு வழியாகக் குழு சக்திவேலைக் கூப்பிட்டது. மேல் மாடியில் குளிரூட்டிய அறை. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிக்கன் பஃப்ஸ். தலைமை நாற்காலியில் நிர்வாக இயக்குநர் ராஜமாணிக்கம். தும்பைப்பூ வேட்டி, கழுத்தில் மெல்லிய சங்கிலி, முகத்தில் மாறாத கருணை.

"உக்காருங்க சக்திவேல். நாங்க உங்களுக்கு எதிரி இல்ல. இந்தியாவுலயே நோயாளியோட உணர்வுக்குன்னு தனியா ஒரு குழு வெச்சிருக்கிற ஆஸ்பத்திரி எத்தன இருக்கும்னு நெனைக்கிறீங்க? உடம்புல இருக்கிற புண்ணு ஆறிடும். மனசுல பட்ட புண்ணு ஆறுமா? என்னப் பொறுத்தவரைக்கும் ஒரு நோயாளி பசியோட இருக்கலாம். புண்பட்டு மட்டும் இருக்கக் கூடாது."

மற்றவர்கள் மேசையை மெதுவாகத் தட்டினார்கள்.

"ஐயா, அவருக்கு ஒண்ணும் புண்படல. மீனு ஆகும்னு அவரே சொல்றாரு."

"அவர் சொல்லக் கூடாதே! அவரோட உணர்வப் பத்தி முடிவு பண்றதுல அவரையே எப்படிச் சேர்க்கறது? பாரபட்சம் ஆயிடுமே. அதனாலதான் இந்தக் குழுவுல ஒரு முஸ்லிமையும் நாங்க போடல. முழுக்க முழுக்க நியாயமா இருக்கணும்னுதான்."

"சரிங்க. அப்ப நான் சொல்றேன். மீனு ஆகும்."

அருண்பிரசாத் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க இந்து. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சக்திவேல் சுற்றிலும் பார்த்தார். இத்தனை படித்தவர்களில் ஒருவராவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியாக, பாஷா காலையில் சொல்லி அனுப்பியதைச் சொல்லிப் பார்த்தார்.

"ஐயா, இன்னொரு விஷயம். இந்த ஆஸ்பத்திரிக்குக் கோழி போடறது நம்ம டவுன் குல்ஜாரு கடைதானுங்களே? அவங்க பிஸ்மில்லா சொல்லித்தான் அறுக்கறாங்க. ஊர்ல முக்காவாசிக் கடைல அப்படித்தான். மொதல் நாளு நிறுத்தினீங்களே அந்தக் கோழி, அதுவும் ஹலால்தான். நீங்க கையில வெச்சிருக்கிற பஃப்ஸ் இருக்குதே, அதுகூட ஹலால்தான்."

 ராஜமாணிக்கம் கையிலிருந்த பஃப்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். அருண்பிரசாத் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். முகம் மலர்ந்தது.

"குல்ஜார் நோயாளிக்கு என்ன உறவு?"

"மச்சான் முறை வேணும்."

"பாத்தீங்களா? சொந்தக்காரர். அவர் குடுக்கிற சான்று எப்படிச் செல்லும்?"

ராஜமாணிக்கம் நிம்மதியாகப் பஃப்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மீன் விவகாரத்தை மட்டும் வெளியூர் நிபுணர் ஒருவரின் கருத்துக்கு அனுப்புவதென்று தீர்மானமானது. நிபுணர் இப்போது வெளிநாட்டில் இருந்தார். ஆனால் திரும்பி வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த வாரத்திலேயே தர மதிப்பீட்டுக் குழு ஒன்று சென்னையிலிருந்து வந்தது. ராஜமாணிக்கம் அவர்களை நேரே பாஷாவின் கட்டிலுக்கு அழைத்து வந்தார். "இவர்தான் எங்க முதல் நீல அட்டைப் பயனாளி" என்று அறிமுகப்படுத்தினார். துடைத்து வைத்த வெறும் தட்டு ஒன்றைப் பாஷாவின் மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். "பாருங்க, எவ்வளவு சுத்தம்" என்றாள் வந்தவர்களில் ஓர் அம்மாள். பாஷா அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் போன பிறகு தட்டைச் சக்திவேல் பக்கம் தள்ளினார்.

"இந்தத் தட்ட இப்ப தூக்க முடியல சக்தி."

சக்திவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் புகழேந்தி எடை பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு சக்திவேலை வராந்தாவுக்கு அழைத்து வந்தார். "இந்த உடம்புல மருந்து ஏத்த முடியாது. நான் எழுதினதுல ஒண்ணுகூடவா இவருக்குப் போய்ச் சேரல?" என்றார். "போய்ச் சேரலீங்க" என்றார் சக்திவேல். டாக்டர் தரையைப் பார்த்தார். அவரும் சம்பளக்காரர்தான்.

"என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுடா" என்றார் பாஷா அன்று சாயந்திரம். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் வீடு பூட்டிக் கிடந்தது. சக்திவேல் தன் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டார். பாஷாவும் அதைத்தான் சொன்னார்.

விடுவிப்பது அவ்வளவு லேசாக இல்லை. மீன் பரிசீலனையில் இருக்கும்போது நோயாளி போய்விட்டால் பரிசீலனை அந்தரத்தில் நிற்கும் என்றார் அருண்பிரசாத். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். 'இங்கு வழங்கப்பட்ட உணவில் முழு மனநிறைவு அடைந்து, சுய விருப்பத்தின் பேரில் வெளியேறுகிறேன்' என்று அதில் இருந்தது; கீழே சாட்சிக் கையெழுத்துக்கும் ஓர் இடம். பாஷாவின் கட்டிலருகே அதை வைத்துக்கொண்டு சக்திவேல் தயங்கினார்.

"போடுறா. பேனாவ என் கையில வெச்சு அழுத்து, நானும் போடறேன்" என்றார் பாஷா. குரல் காற்றாக வந்தது. "பொய் சாட்சி சொல்றது எங்களுக்கு ஹராம்தான். உசுருக்கு ஆபத்துன்னா பரவால்லன்னு அஸரத்தே சொல்லிட்டாரு இல்ல."

கிளம்பிய அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மதியத்திலிருந்தே மறித்துவிட்டார்கள். ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. தடுப்பருகே நின்ற போலீஸ்காரர் ஆட்டோவுக்குள் குனிந்து, பாஷாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எதுவும் கேட்காமல் தடுப்பை இழுத்துவிட்டார். அந்த மாதம் முழுக்க ஒருவர் சான்று கேட்காமல் வழிவிட்டது அதுதான். வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த ஜனம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட, ஆட்டோ அடி அண்ணாமலைக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தது.

வினோதினி வாசலிலேயே நின்றிருந்தாள். பாஷாவை ஆட்டோவிலிருந்து தூக்கியபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கூடத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவள் நேரே பின்கட்டுக்குப் போய்ப் பானையை அடுப்பில் ஏற்றினாள். எலும்பை மதியமே வாங்கி வைத்திருந்தாள்.

சக்திவேல் பின்னாலேயே போனார். "இன்னிக்குப் பௌர்ணமிடி. வாசல்ல ஜனம் நடக்குது. நம்ம வூட்ல எப்பவும் கறி..."

"தெரியும். சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க போயி அண்ணா பக்கத்துல உக்காருங்க."

சூப் கொதித்து, மணம் கூடத்துக்கு வந்தபோது பாஷா கண் திறந்தார். மூக்கு லேசாக அசைந்தது. "தங்கச்சி வெச்சிட்டா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வினோதினி கிண்ணத்தில் ஊற்றி, ஆற்றி, ஸ்பூனில் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள். வாய் திறந்தது. சூப் உள்ளே போனது. தொண்டை அசையவில்லை. கடைவாயோரமாக அது திரும்பி வழிந்து தலையணையை நனைத்தது. அவள் துடைத்துவிட்டு மறுபடி ஒரு ஸ்பூன் எடுத்தாள். அதுவும் வழிந்தது. மூன்றாவது ஸ்பூனைச் சக்திவேல் கையைப் பிடித்துத் தடுத்தார். பாஷா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

வெளியே ஜனம் நடந்துகொண்டே இருந்தது. விடிந்ததும் அஸரத் வந்து அவர் காதோரம் கலிமா சொன்னார். வெயில் ஏறுவதற்குள் பாஷா போய்விட்டார்.

டவுன் கபரஸ்தானில் அடக்கம். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். சக்திவேலும் போட்டார். கை கழுவக் குழாயடிக்கு வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"வணக்கம் சார், ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம்" என்றது ஒரு இனிமையான பெண் குரல். "மிஸ்டர் சாந்த் பாஷா அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மீனுக்கு அறுப்பு தேவையில்லைன்னு எங்க நிபுணர் கண்டுபிடிச்சுட்டாங்க. அடுத்த முறை அட்மிட் ஆகும்போது அவருக்கு மீன் வழங்கப்படும். இப்ப எங்க உணவுச் சேவைக்கு ஒண்ணுலேந்து அஞ்சுக்குள்ள எத்தன மார்க் குடுப்பீங்க சார்?"

சக்திவேல் தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? பதில் சொல்லலைன்னா கம்ப்யூட்டர் அஞ்சுன்னு எடுத்துக்கும் சார்."

அவர் போனைப் பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நஸ்ரீன் வந்தாள். தையல் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாமியார் கையில் குழந்தையோடு, நேரே அடி அண்ணாமலைக்குத்தான் வந்தாள். அப்பா கடைசியாகப் படுத்திருந்த கட்டிலைக் காட்டச் சொன்னாள். அதன் விளிம்பில் உட்கார்ந்து கையால் தடவினாள். வெகு நேரம் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு நிமிர்ந்தாள்.

"சாச்சா, போன்ல பேசறப்பல்லாம் நல்லா சாப்புடறேன் நல்லா சாப்புடறேன்னுதான் சொன்னாரு. கடைசியா இன்னா சாப்ட்டாரு?"

 சக்திவேல் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"கறி சூப்பும்மா. உங்க சாச்சி வெச்சா. ரெண்டு டம்ளரு குடிச்சாரு. குடிச்சிட்டு, உப்பு கம்மின்னு சண்டை புடிச்சாரு."

நஸ்ரீன் கண்ணீரோடு சிரித்துவிட்டாள். "அப்பாவுக்கு எப்பவும் உப்பு ஜாஸ்தி வேணும் சாச்சா. அம்மாகிட்டயும் தெனம் சண்டைதான்."

வினோதினி கதவருகே நின்றிருந்தாள். நஸ்ரீன் அவளைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள் வினோதினி. "அப்புறம் நான் உப்பு போட்டுக் குடுத்தேன்."